உதட்டில் ஒட்டிய காரை

சபர் பிறை 4, செவ்வாய்

வெயில். காலையிலேயே சட்டை முதுகில் ஒட்டுகிறது. குவைத் வெயில் சுடும். இந்த ஹூஸ்டன் வெயில் அவிக்கிறது.

சுகர் லேண்டில் புது வீடு. சாமான் பாதி இன்னும் அட்டைப்பெட்டியில். என் மூட்டுவலி மருந்து எந்தப் பெட்டியில் என்று யாருக்கும் தெரியவில்லை. சபர் பீடை மாதம், அதில் குடிபோக வேண்டாம், அடுத்த பிறை பார்த்துப் போகலாம் என்று நிஜாரிடம் சொன்னேன். சாவி தரும் தேதியை பேங்க்தான் சொல்லும், பிறை சொல்லாது என்றான். சின்ன வயதிலிருந்தே பேச்சில் மடக்குகிற மகன்.

இந்த டைரி மருமகள் ஷமீமா வாங்கித் தந்தது. பள்ளிக்கூடம் போகாதவன் நான். தமிழ் எழுத்து வராது. குர்ஆன் ஓதப் பழகிய அரபு எழுத்து மட்டும் வரும். அந்த எழுத்தில் தமிழை எழுதிக்கொள்வேன். எங்கள் பக்கம் அந்தக் காலத்துக் கடுதாசி எல்லாம் இப்படித்தான். ஷமீமா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"மாமா, வீட்டுக்குள்ள மட்டும் எழுதுங்க. டாக்டர் ஆபீஸ், ஏர்போர்ட்னு எடுத்துட்டுப் போயிடாதீங்க. பக்கத்துல உக்காந்திருக்கறவங்க என்னமோ ஏதோன்னு நினைச்சுப்பாங்க."

எழுதுவது வெயில், மூட்டுவலி, இன்றைக்கு என்ன குழம்பு. பக்கத்தில் இருப்பவருக்கு அது வெடிகுண்டு. சரி, வீட்டுக்குள்ளேயே எழுதுகிறேன்.

மருந்து கிடைத்தது. செருப்புப் பெட்டியில்.

பிறை 8, சனி

புது வீட்டு விருந்து. யாசீன் ஓதி, துஆ கேட்டு, சாப்பாடு. பிரியாணி, தால்ச்சா, கத்திரிக்காய்ப் பச்சடி. தெருக்கோடி மயிலாப்பூர்க்காரர்களுக்குத் தனியாக சாம்பார் சாதம். அந்த அம்மா சாம்பாரைத் தொடவில்லை, தால்ச்சாவை மூன்று முறை வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் நிஜாரின் மேனேஜர் வந்தார். கிரெக் என்று பேர். என்னைவிட இருபது வயது குறைவு இருக்கும். எண்ணெய்க் கிணற்றுக்கு மிஷின் செய்யும் கம்பெனியில் நிஜாருக்கு மேலே இருக்கிறவர். நிஜாரின் கிரீன் கார்டு பேப்பர் அவர் கையெழுத்தில் நிற்கிறது என்று ஷமீமா முன்பே சொல்லியிருந்தாள். அதனால் வீடே நிமிர்ந்து உட்கார்ந்தது.

எனக்கு அவரைப் பார்த்ததும் ஒன்று பட்டது. சோபாவில் உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. சுவரோரம் நாற்காலியை இழுத்து, முதுகு சுவரில், கண் கதவில். இராக்கில் நான் துணி துவைத்த பட்டாள முகாமில் சிப்பாய்கள் சாப்பிட உட்காருவது இப்படித்தான். நிஜாரிடம் கேட்டேன். ஆமாம் அத்தா, ஆர்மில இருந்தவரு, இராக்ல, என்றான். இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்னிடம்.

அந்த ஆள் எனக்கு நெஞ்சில் கை வைத்து சலாம் சொன்னார். சுத்தமாகச் சொன்னார். சந்தேகம் இன்னும் கூடியது.

பிறகு துணியில் சுற்றிய பரிசை எடுத்தார். நீல ஓடு. ஒன்றரைச் சாண் அகலம். வெள்ளை எழுத்து. ஹாதா மின் ஃபழ்லி ரப்பீ. இது என் இறைவனின் அருள். ஊரில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு நிலைக்கு மேல் இருப்பது. ஷமீமா இரண்டு மாதமாக இதைத்தான் ஆன்லைனில் தேடிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. வாங்கி முத்தினாள், கண்ணில் ஒற்றினாள், நிஜாரிடம் கொடுத்தாள். அவனும் முத்தி ஒற்றினான். என் கைக்கு வந்தது. வழக்கப்படி நானும் உதட்டில் வைத்தேன்.

உதட்டில் மண் ஒட்டியது.

ஓரத்தைத் தடவினேன். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கக் காரை. கட்டி கட்டியாகப் பிடித்திருக்கிறது. ஒரு மூலையில் இரும்பு நெம்பிய வடு. கடையில் வாங்கிய ஓட்டில் காரை எப்படி வரும்? சுவரிலிருந்து பெயர்த்தது இது.

இது எங்கிருந்து வந்தது என்று கேள் என்றேன் நிஜாரிடம். அவன் கிரெக்கைப் பார்த்து, சிரித்து, "மை டாட் சேஸ் இட்ஸ் பியூட்டிஃபுல்" என்றான்.

பியூட்டிஃபுல் எனக்குத் தெரியும். முகாம் லாண்டரியில் என்னோடு நின்ற பிலிப்பினோ பெண் எது கிழிந்து வந்தாலும் அந்த வார்த்தையைத்தான் சொல்வாள்.

பிறை 9, ஞாயிறு

வாசல் கதவுக்கு மேல் ஓட்டை ஒட்டிவிட்டான். ஏதோ பசை, வீடு இடிந்தாலும் இது விழாது என்றான். பின்னால் இருந்த காரை கொஞ்சத்தைச் சுரண்டிப் போட்டுவிட்டு ஒட்டினான். அந்தத் தூளைத் துடைப்பத்தால் கூட்டினேன். குப்பையில் போட மனம் வரவில்லை. ரோஜாச் செடி மூட்டில் போட்டேன்.

எங்கே வாங்கியது என்று மறுபடி கேட்டேன். ஆன்டிக் கடையாக இருக்கும் என்றான். இருக்கும் என்றான். கேட்டதாகச் சொல்லவில்லை.

அந்த ஓட்டுக்குக் கீழே என்னால் நடக்க முடியாது. யார் வீட்டு நிலை அது? இன்று முதல் கராஜ் வழியாகத்தான் போக்குவரத்து. என் கோபம் யாருக்கும் தெரியவில்லை. காரணம், இந்த ஊரில் எல்லோருமே கராஜ் வழியாகத்தான் போகிறார்கள். முன்வாசல் விருந்தாளிக்கும் பார்சல்காரனுக்கும்.

துணி மடிக்கும்போது பழைய கை ஞாபகம். பஸ்ரா பக்கம் முகாம் லாண்டரி. ஒவ்வொரு மூட்டைக்கும் நம்பர். மிஷினில் போடுமுன் சட்டைப்பை, கால்சட்டைப்பை துழாவ வேண்டும். கிடைத்ததை பிளாஸ்டிக் உறையில் போட்டு, சிப்பாயின் பெயர்ச்சீட்டைக் கட்டி, துணி மேல் வைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது சட்டம். சூயிங்கம், பேனா, காதுக்கு வைக்கும் பஞ்சு. சில நாள் வேறு. ஓதி எண்ணும் தஸ்பீஹ் மணி. விரல் நீள இரும்புச் சாவி, அரபு வீட்டுக் கதவுச் சாவி. பழைய அதிபர் முகம் போட்ட நோட்டு. ஒரு பெண்பிள்ளை ஃபோட்டோ, பின்னால் பேனாவால் எழுத்து. எழுத்துக் கூட்டினேன். ஸைனப், மூன்றாம் வகுப்பு. உறையில் போட்டு சிப்பாய் பெயரைக் கட்டினேன்.

முகமெல்லாம் மறந்துவிட்டது. பைக்குள் இருந்தது ஒன்றுகூட மறக்கவில்லை.

பிறை 11, செவ்வாய்

சாயங்காலம் மழை மிரட்டியது, பெய்யவில்லை.

டிவியில் மறுபடி கடல் வரைபடம். கப்பல் படம். சிவப்பு அம்புக்குறி. கோட் போட்ட நான்கு பேர் மேஜையைச் சுற்றி. எந்த நாடு என்று ஷமீமா சொல்ல வந்தாள், வேண்டாம் என்றேன். அம்புக்குறி போதும். அது அந்தப் பக்கம்தான் போகும். ஒரு நாளும் இந்தப் பக்கம் வராது.

என்ன சொல்வார்கள் என்றும் தெரியும். விடுவிக்கப் போகிறோம். இந்த வார்த்தையை நான் இரண்டு பட்டாளத்திடம் கேட்டவன். குவைத்தில் தண்ணீர் லாரி ஓட்டும்போது இராக் பட்டாளம் வந்தது. சகோதரர்களை விடுவிக்க வந்தோம் என்றது, என் லாரியைப் பிடுங்கிக்கொண்டது. பாலைவனம் கடந்து ஜோர்தான் கூடாரத்தில் கிடந்து ஊர் சேர்ந்தேன். கலிமா சொன்ன நம்மவன் எடுத்தான் என்பதற்காக லாரி திரும்பி வந்துவிடவில்லை. பல வருஷம் கழித்து அமெரிக்கப் பட்டாளம் இராக்குக்குப் போனது. அதுவும் விடுவிக்க. ஏஜென்ட் என்னிடம் குவைத்தில் ஓட்டல் வேலை என்றான். பஸ் குவைத்தில் நிற்கவில்லை. எல்லை தாண்டி முகாம் வாசலில் இறக்கினான். பாஸ்போர்ட்டைக் கண்ணில் காட்டவில்லை.

ஆயுதம் தேடி வந்தோம் என்றார்கள். கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்றால் தேடியவன் திரும்பிப் போக வேண்டாமா? என் கண்ணாடி தொலைந்து, பக்கத்து வீட்டில் தேடிக் கிடைக்கவில்லை என்றால், அவர்கள் கட்டிலில் படுத்துக்கொள்வேனா?

கெட்டவனை இறக்க வந்தோம் என்றார்கள். கெட்டவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. முகாமுக்குக் காய்கறி கொண்டுவரும் அபூ ஹைதர் ஒருநாள் தக்காளிக் கூடையை இறக்கிவிட்டு என்னிடம் சொன்னார். முன்னே ஒருத்தனுக்குப் பயந்தோம், அவன் வீடு எங்கே என்று தெரியும், ஒதுங்கிப் போனோம். இப்போது எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியவில்லை. அடுத்த மாதம் காய்கறிக்கு வேறு ஆள் வந்தான். அபூ ஹைதர் எங்கே என்றேன். தோளைக் குலுக்கினான்.

அரபு ராஜாக்களையும் நம்பமாட்டேன். விமானம் இறங்கத் தரை கொடுத்தது யார்? பள்ளிவாசலில் அழுகிறார்கள், பின்கட்டில் கதவைத் திறந்து விடுகிறார்கள்.

ஆப்கான், இராக், லிபியா. போன பட்டாளம் எல்லாம் ஊர் திரும்பிவிட்டது. அந்த ஊர்க்காரனுக்குத்தான் ஊர் திரும்ப முடியவில்லை.

பேத்தி ஹனா எட்டிப் பார்த்து, "தாத்தா, யூ ஆர் டாக்கிங் டு த டிவி" என்றாள். டிவிதான் என்னிடம் பேசுகிறது என்றேன். சிரித்துக்கொண்டே சத்தத்தைக் குறைத்தாள்.

கால்வலி. தைலம்.

பிறை 14, வெள்ளி

ஜும்ஆ. பயானில் பொறுமை பற்றிச் சொன்னார்கள். டிவியில் காட்டும் அந்தக் கடல் பக்கம் என்ன நடக்கிறது என்பது பற்றி ஒன்றும் இல்லை. வெளியே நாலு பேர் அதைப் பேசிக்கொண்டிருந்தார்கள். தெரியாத முகம் ஒன்று பக்கத்தில் வந்ததும் பேச்சு கிரிக்கெட்டுக்குத் தாவியது. வந்தவர் பாவம், செருப்பைத் தேடி வந்தவர். நானும் கிரிக்கெட் தெரிந்தவன் மாதிரி தலையாட்டினேன்.

வரும்போது ஃப்ரீவேயில் நெரிசல். கார் நகரவில்லை. மகன் தப்பிக்க முடியாது என்று பார்த்துக் கேட்டேன். அந்த ஓடு இராக்கில் ஒரு வீட்டிலிருந்து பெயர்த்தது, உனக்குத் தெரியும், தெரிந்துதான் காரையைச் சுரண்டினாய் என்றேன்.

 "அத்தா, தெரிஞ்சுக்க வேணாம்னுதான் நான் கேக்கலை" என்றான். "அவரு நல்ல மனுசன். என் பேப்பர் அவரு கையில இருக்கு. வீட்டு லோன் கழுத்து வரைக்கும் இருக்கு. இப்பப் போயி உங்க ஆளுங்க அங்க என்ன பண்ணீங்கன்னு கேக்கச் சொல்றீங்களா?"

நீ உன் வீட்டைத்தான் கேட்கிறாய், நானும் ஒரு வீட்டைத்தான் கேட்கிறேன் என்றேன். அப்போது அதைச் சொன்னான்.

"நீங்க அவங்க துணியைத் துவைச்ச காசுலதான அத்தா நான் இன்ஜினியரிங் படிச்சேன்?"

சரிதான். அதில் பொய் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். 

அவன் சொன்னது சரி என்பதால் சந்தேகம் போய்விடுமா? போகவில்லை.

ஞாயிறு கிரெக்கைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறானாம். வாயைத் திறக்கக் கூடாதாம் நான்.

பிறை 16, ஞாயிறு

மீன் குழம்பு, நெய்ச்சோறு. கிரெக் கையால் சாப்பிட்டார். பழகின கை. அதையும் கவனித்தேன்.

சாப்பிட்டு முடித்து வாசலுக்குப் போய் ஓட்டை அண்ணாந்து பார்த்தார். நானும் பின்னாலே போனேன். நிஜார் மொழிபெயர்க்க ஓடி வந்தான். அவன் வாய் வேண்டாம் என்று நினைத்தேன். எனக்கு அந்த ஆளோடு பொதுவாக ஒரு பாஷை உண்டே. கல்ஃபில் பொறுக்கின அரபி எனக்கு, பட்டாளத்து அரபி அவருக்கு. நில், போ, கையைத் தூக்கு, கதவைத் திற. அவர்கள் கற்றது அவ்வளவுதான். ஓட்டைக் காட்டிக் கேட்டேன்.

"ஹாதா பேத் மினு?"

இது யார் வீடு. பேத் என்ற சொல் அவருக்குத் தெரியாமல் போகாது. வீடு வீடாகத் தேடியவர்கள். முகம் மாறியது. நிஜார் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அந்த ஆள் கையைக் காட்டி நிறுத்தினார். என்னையே பார்த்தார்.

"பேத் மாக்கு" என்றார்.

மாக்கு என்றால் இல்லை. குவைத்திலும் அதே சொல், இராக்கிலும் அதே சொல். வீடு இல்லை.

பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார். இங்கிலீஷில் சொன்னார். நிஜார் தமிழில் சொன்னான். பின்னால் வந்து நின்ற ஹனாவைப் பார்த்தேன், அப்படித்தானா என்று. அவள் தலையசைத்தாள். அதனால் இதை எழுதுகிறேன்.

ஒரு குளிர்காலம் முழுக்க அந்த வீட்டில் இருந்தார்களாம். மொட்டைமாடி உயரம், தெரு முழுக்கத் தெரியும், அதனால். வீட்டுக்காரர்களை வெளியே போகச் சொன்னார்கள். கொஞ்ச நாள்தான் என்றார்கள். ஒரு பெரியவர் வெள்ளிக்கிழமைகளில் வந்து வாசலில் நிற்பாராம். ஏதோ சொல்வாராம். புரியாது. இவர்கள் இம்ஷி, போ என்பார்களாம். போய்விடுவாராம். அடுத்த வெள்ளி வருவாராம். பட்டாளம் அங்கிருந்து கிளம்பியபோது, வேறு யாரும் அந்த மாடியில் ஏறிச் சுடக்கூடாது என்று வீட்டைத் தரைமட்டமாக்க உத்தரவு. அன்று காலையில் கத்தியால் நெம்பி இந்த ஓட்டை எடுத்தாராம். இல்லாவிட்டால் நொறுங்கியிருக்கும், நான் காப்பாற்றினேன் என்றார். இத்தனை வருஷம் தன் வீட்டுக் கராஜில் துண்டில் சுற்றி வைத்திருந்தாராம். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாதாம். மறுபடி ஒரு கதவுக்கு மேலே இருக்கட்டும் என்று கொண்டுவந்தாராம்.

அந்தப் பெரியவர் என்ன கேட்டிருப்பார் என்று என்னிடம் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? என் வயது இருக்குமாம் அவருக்கு.

எழுத்தின் அர்த்தத்தைச் சொன்னேன். நிஜார் இங்கிலீஷில் சொன்னான்.  அந்த ஆள் எழுந்து ஷமீமாவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாயசம் அப்படியே.

நன்றாகச் சொன்னார். நன்றாகச் சொல்பவரை இன்னொரு தடவை சோதிக்க வேண்டும். வீட்டை இடித்தவர் ஓட்டைக் காப்பாற்றினேன் என்கிறார். இது ஒரு ஆளின் பேச்சு இல்லை. கோட் போட்ட நான்கு பேரும் மேஜையைச் சுற்றி இதைத்தான் சொல்கிறார்கள். இடிப்பது கணக்கில் வராது, எடுத்து வைத்துக்கொண்டது உபகாரம்.

ஆனால் கண் பொய் சொல்லவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

பிறை 17, திங்கள்

காலை. நிஜார் ஆபீஸ் போகாமல் வாசலில் ஏணி போட்டு நின்றான். கையில் உளி, சுத்தியல்.

"எடுத்துடறேன் அத்தா. நீங்க கராஜ் வழியா போறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

ஒரு தட்டு தட்டினான். நீல ஓரத்தில் அரிசி அளவு சில்லு தெறித்து என் காலடியில் விழுந்தது. பசை விடுவதாக இல்லை. அடுத்த தட்டுக்குக் கை ஓங்கினான். நிறுத்து என்றேன். திருப்பிக் கொடுக்க அங்கே வீடு இல்லை. ஒரு தடவை பெயர்த்தது போதும், நம் கையாலும் பெயர்க்க வேண்டாம்.

ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஆபீஸில் கிரெக் பேசுவாரோ பேசமாட்டாரோ என்றான்.  ஷமீமா டீ கொண்டுவந்து ஏணிக்கு மேலே நீட்டினாள்.

அவன் போனபின் முன்வாசல் வழியாக உள்ளே போனேன். வீட்டுக்குள் நுழையும்போது சலாம் சொல்வது வழக்கம்தானே. சொன்னேன். இந்த வீட்டுக்காரருக்கு ஒன்று. அந்த வீட்டுக்காரருக்கு ஒன்று.

பிறை 21, வெள்ளி

இந்த வாரம் கிரெக் நிஜாரோடு வேலைப் பேச்சைத் தவிர ஒன்றும் பேசவில்லையாம். வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. இன்று மத்தியானம் ஃபோனில் எழுதியிருக்கிறார். ஹனா வாசித்தாள். தன் கராஜில் ஒரு பெட்டி இருக்கிறது. அங்கிருந்து வந்த பொருள்கள். தன்னுடையது கொஞ்சம், கூட இருந்தவர்கள் விட்டுப் போனது கொஞ்சம். அதில் எழுத்து இருக்கிறது. உன் அப்பா வந்து வாசித்துச் சொல்வாரா?

ஏன் இப்போது? இத்தனை வருஷம் இல்லாமல்? மனச்சாட்சியா, விலை விசாரிக்கவா? யாராவது கேட்டால் ஒரு துலுக்கரிடம் காட்டிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளவா?

நிஜார் சுற்றிச் சுற்றி வந்தான். போய் வாசித்துவிட்டு மட்டும் வந்துவிடச் சொன்னான். யாருடையது, எப்படி வந்தது என்று கேட்க வேண்டாமாம். 

ஒரு பெட்டி. எத்தனை சட்டைப்பை அது.

பிறை 22, சனி

மேகம். காற்று இல்லை. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு முன் கிரெக் வீட்டுக்குப் போய்வர வேண்டும்.

ஷமீமாவிடம் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை கேட்டேன். மீன் போட்டு ஃப்ரீஸரில் வைக்கிறாளே, அது. எதுக்கு மாமா என்றாள். லாண்டரி சட்டம் என்றேன். ஒரு கட்டு கொடுத்தாள். நூல், கத்தரி, காகிதச் சீட்டு. என் பேனா.

அங்கே சீட்டில் சிப்பாய் பெயரை எழுதித் தந்துவிடுவார்கள். நான் கட்டினால் போதும். இன்று சீட்டு வெறுமையாக இருக்கிறது. பொருளில் யார் பெயர் இருக்கிறதோ அதை நானே எழுதுவேன். எனக்குத் தெரிந்த எழுத்து அதுதான். பெயர் இல்லாததற்கு, யாருடையது என்று அந்த ஆளிடம் கேட்பேன். ஒவ்வொன்றுக்கும் கேட்பேன்.

நிஜாரிடமும் சொல்லிவிட்டேன், கேட்காமல் வரமாட்டேன் என்று. வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே துடைத்தான்.

"சரி அத்தா. நீங்க கேக்கறதை அப்படியே சொல்றேன். பியூட்டிஃபுல்னு சொல்ல மாட்டேன்."

ஹார்ன் அடிக்கிறான். முன்வாசலில்.